கல்லறைகள் கூறும் குடும்ப வரலாறு

உங்கள் பாட்டனாரின் பெயரைக் கேட்டால் யாவரும் விடை கூறுவீர்கள். அவருடைய பாட்டனாரின் பெயரைக் கேட்டால் சிலரே வாய் திறப்பீர்கள். மறந்துபோன அத்தகைய பெயர்களுள் சில, பழைய கல்லறைத் தோட்டங்களிலும், மையவாடிகளின் மீசான் கற்களிலும் இன்றும் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டு உறவினர் ஒருவரை அழைத்து வந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் குற்றாலச் சாரல் காலத்தில் இறந்தவர் என்பது மட்டுமே தெரியும். இரண்டு நாள் முட்புதர்களிடையே தேடினோம். கண்ட கற்களில் எழுத்துத் தேய்ந்திருந்தது. இறுதியில் ஒரு தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில், ஊர் ஆகிய நான்கும் கிடைத்தன. வந்தவர் அப்பக்கத்தின்மீது கை வைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார்.

இதனால் அறிவது யாது? கல்லைத் தேடுமுன் ஏட்டைத் தேடுதல் வேண்டும். எந்த ஏடு என்பதை அக்கால ஆட்சி எல்லையே காட்டும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அதற்கு முன் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஆகவே அவ்வூர்க் குடும்பத்தினர் திருவனந்தபுரத்திலும் தேடவேண்டும்.

சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் நூலாக்கினார். சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் படிகள், 1698 முதலாக, இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் காட்டன் நூலில் மிகுதியும் ஐரோப்பியர் பெயர்களே. நம் எளிய மக்களின் பெயர்களை உள்ளூர்ப் பதிவேடுகளே காத்துள்ளன.

ஆண்டுக் கணக்கிலும் கருத்து வேண்டும். இப்பகுதியில் கொல்லம் ஆண்டு வழங்கியது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை அதனுடன் 824-உம், பின்னர் 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1040 ஆடி எனில் 1865. மீசான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது சந்திர ஆண்டாதலின் ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது.

கல்லைக் கத்தியால் சுரண்டாதீர்கள். உரியவரிடம் இசைவு பெற்று, காலை அல்லது மாலைச் சாய்வொளியில் படம் எடுங்கள். மங்கிய எழுத்தும் தெளியும். படித்ததை அன்றே எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப்பின் அவ்வெழுத்து இல்லாமற் போகலாம். உங்கள் குறிப்பேடே அதற்குப்பின் சான்றாகும்.