இளம் நெஞ்சின் கண்ணீரும் வரலாறே

மாணவர்களே! மன்னரின் போர்களை மட்டும் கூறுவதன்று வரலாறு. பதினாறு வயதினர் ஏன் அழுதனர் என்பதும் வரலாறே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் செல்வம் பெருகிற்று. பள்ளிச் சிறார் கையிலும் காசு புழங்கிற்று. அவர்கள் இசைத்தட்டுகளை விரும்பி வாங்கினர். அவர்களுக்கெனப் பாட்டெழுதியோருள் பலர் தாமும் இளைஞரே. 1960இல் 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்னும் பாடலுக்கு இசையமைத்த கரோல் கிங்குக்கு வயது 18. சொல்லமைத்தவர் அவர் கணவர் ஜெரி காஃபின். பாடியோர் ஷெரெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்கள் நால்வர். இன்றைய அன்பு நாளையும் நிலைக்குமோ என்னும் ஐயமே அதன் பொருள். தென் மாநிலங்களில் இரு நிறத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே பள்ளியில் பயில இயலாத காலம் அது. ஆயினும் அப்பாடல் 1961 ஜனவரியில் நாட்டின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது.

1963இல், பிறந்தநாள் விருந்திலேயே காதலனை இழந்து அழும் பெண்ணாகப் பாடி முதலிடம் பெற்றார் பள்ளி மாணவி லெஸ்லி கோர். அவரே அவ்வாண்டின் இறுதியில், 'யூ டோன்ட் ஓன் மீ' என்னும் பாடலில், பெண் எவருக்கும் உடைமையல்லள் என முழங்கினார். 1964இல் அது இரண்டாமிடம் எய்திற்று. அழுத குரலே தன்மதிப்பையும் பாடிற்று.

வகுப்பறையில் இத்தகைய கண்ணீரைக் கண்டு, சிறுபிள்ளைத்தனம் என யானும் ஒதுக்கியதுண்டு. அது பிழை. இளையோர் துயரை எள்ளாது செவிமடுத்தல் ஆசிரியர் கடன். அத்துயரிலிருந்து நிமிர்ந்தெழுதல் உங்கள் கடன்.