கானோ வகுத்த இரண்டு கோட்பாடுகள்

1882ஆம் ஆண்டு டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய்கள் மட்டுமே விரிக்கக்கூடிய சிறியதோர் இடத்தில் யூடோக் கலை பிறந்தது. அதனைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. முந்திய ஆண்டுதான் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தார். உருவத்தில் சிறியவர். பள்ளிப் பருவத்தில் வலிய மாணவர்களிடம் பட்ட தொல்லையே அவரைப் பழைய யூஜுட்சுக் கலையின் பக்கம் திருப்பிற்று.

சாமுராய்களின் காலம் அப்போது முடிந்துவிட்டது. 1876இலேயே அவர்கள் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. போர்க்கலைகளுக்கு இனி என்ன வேலை என்ற கேள்விக்குக் கானோ அளித்த விடை ஒரு சொல் மாற்றத்தில் அடங்கியது. 'ஜுட்சு' என்றால் வித்தை. 'டோ' என்றால் வழி. எதிரியை வீழ்த்தும் வித்தையை வாழும் வழியாக்க அவர் முனைந்தார்.

அவ்வழியை 1922இல் இரண்டு கோட்பாடுகளாக வகுத்தார். சக்தியை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துதல் ஒன்று. தானும் பிறரும் சேர்ந்து வளம் பெறுதல் மற்றொன்று. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆற்றிய உரையில், அற்ப காரணத்துக்காகச் சினப்பது சக்தியை வீணே செலவழிப்பதாகும் என்றும், ஏமாற்றத்தால் சோர்ந்தவன் அந்நிலையில் தான் செய்யத்தக்க நற்செயல் எதுவென ஆராய வேண்டும் என்றும் விளக்கினார்.

பத்திரிகை அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில், சினந்து கத்துபவரின் கையிலேதான் பிழைகள் மலிகின்றன என்பதை ஆசிரியபீடத்தில் நான் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். செய்தியில் இருக்கவேண்டிய மனம் சினத்தில் தரித்து நின்றுவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தகுவான் என்ற ஸென் துறவி, வாளாசிரியர் யக்யூ முனெனோரிக்கு எழுதிய மடலின் சாரமும் இதுவே. எதிரியின் வாளிலோ தன் வாளிலோ மனம் தரித்து நின்றால் தோல்விதான்.

ஆயினும் ஒருமுகப்பட்ட மனம் மட்டும் போதுமா? 1931இல் யப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் யூடோவும் வாட்பயிற்சியான கெண்டோவும் கட்டாய பாடங்களாயின. காலப்போக்கில் அப்பயிற்சி படைவீரரை உருவாக்கும் பணிக்குத் திருப்பப்பட்டது. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை டோக்கியோவுக்குப் பெற்றுத்தர உழைத்த கானோ, 1938 மே மாதம் கெய்ரோ மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார். இரண்டு மாதங்களில், சீனப் போரின் காரணமாக யப்பான் அவ்விழாவைக் கைவிட்டது. முதற் கோட்பாடு போருக்குப் பயன்பட்டது, இரண்டாவது மறக்கப்பட்டது. 1945இல் தோல்வியுற்ற நாட்டின் பள்ளிகளில் போர்க்கலைகளை நேச நாடுகளின் நிர்வாகம் தடைசெய்தது. 1950இல்தான் யூடோ வகுப்பறைக்கு மீண்டது.

1964இல் டோக்கியோவிலேயே யூடோ ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. எடைப் பிரிவற்ற இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்ரன் கீசிங், யப்பானின் அக்கியோ கமினாகாவை வென்றார். களிப்பு மிகுதியால் ஓடிவந்த தம் நாட்டவரைக் கையுயர்த்தி அவர் தடுத்து நிறுத்தினார். தோற்றவரின் முன் கொண்டாட்டம் வேண்டாம் என்பதே அச்சைகையின் பொருள். கானோவின் இரண்டு கோட்பாடுகளும் அவ்விடத்தில் ஒன்றுசேர்ந்தன.

மனவுறுதிக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டில், போரின் ஊடாகவே பத்திரிகைத் தொழில் செய்தவன் நான். உறுதியைப் போற்றிப் பலர் எழுதியுள்ளனர், நானும் எழுதியதுண்டு. ஆனால், கானோவின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அவருடைய இரண்டாவது கோட்பாடே பெரிதாகத் தெரிகிறது.