ஆங்கில மணமுறிவுச் சட்டத்தில் உண்மையுரைத்தலும் முழுத்தீர்வும்

கணவனும் மனைவியும் பகையின்றிப் பிரியுங்கால், தத்தம் பொருள்நிலையை முழுதும் வெளிப்படுத்தல் வேண்டுமோ? இருவரும் இசைந்தபின் ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். இங்கிலாந்தின் சட்ட வரலாறு இதற்கு மாறான விடையைத் தருகின்றது.

1978இல், அந்நாளில் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபையில் தீர்ப்புரைத்த ஸ்கார்மன் பிரபு, மணமுறிந்தோர் பழங்கசப்பை விடுத்துப் புதுவாழ்வு தொடங்கச் சட்டம் ஊக்குதல் வேண்டுமென விளக்கினார். இதுவே முழுத்தீர்வுக் கொள்கை. இதன்படி, நீதிமன்றம் ஒருகால் தள்ளி முடித்த சீவனாம்சக் கோரிக்கையை மீண்டும் எழுப்புதல் இயலாது. 1984ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய தீர்வு பொருந்துமா என ஆராய்தலை நீதிமன்றத்தின் கடமையாக்கிற்று.

மீண்டும் எழுப்பவியலாத தீர்வு முழு உண்மையின்மேல் அமைதல் வேண்டுமன்றோ? 1984இல் அச்சபை தீர்த்த வழக்கொன்று இதனைத் தெளிவாக்கும். மனைவி சீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தார். கணவர் வீட்டில் தமக்குரிய பாதியை அவருக்கு அளிக்க இசைந்தார். ஆணை பிறக்குமுன்பே மனைவி வேறொருவரை மணக்க உறுதிசெய்திருந்தும் அதனை உரைத்திலர். சில வாரங்களில் மறுமணமும் நிகழ்ந்தது. சபை அவ்வாணையை நீக்கிற்று. உடன்பாட்டால் பிறக்கும் ஆணையாயினும், சூழ்நிலை அனைத்தையும் எண்ணிப்பார்க்கும் கடன் நீதிமன்றத்திற்கு உண்டு. ஆகவே, அவற்றை மறையாது உரைக்கும் கடன் இருவர்க்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சிறு மறைப்பெல்லாம் ஆணையை அழிக்கா. ஆணையின் போக்கையே மாற்றத்தக்க மறைப்பே அழிக்கும் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றஞ்சாட்டாது மணமுறிவு பெறலாயிற்று. இணக்கமாகப் பிரிதல் எளிதாயினும், அக்கடன் தளர்ந்திலது. உண்மையுரையின்றி முழுத்தீர்வு நிலைபெறாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு.