சட்டத்தில் பேர் இல்லாத பிள்ளைகள்

போன மாசம் வேடசந்தூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்த கையோட ஒரு ஃபைலையும் கொண்டுவந்து வச்சுச்சு. "இஞ்சினியரிங் படிச்சவன்தானே, எந்தச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துச் சொல்லுடா."

உள்ளே அக்கா பையனோட ஆட்டிசம் சான்றிதழ். ஆறு வயசு. மூணு பள்ளிக்கூடத்துல, 'மத்த பசங்க பேரன்ட்ஸ் சத்தம் போடுவாங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். நான் எழுதுறது ஜாவா புரோகிராம். சட்டத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது :-) இருந்தாலும் ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன். அதுல தெரிஞ்ச வரலாறுதான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி. திண்டுக்கல் நாகல் நகர்ல எங்க தாத்தாவுக்குப் பூட்டுப் பட்டறை இருந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் தினமும் வந்து உட்காருவார். யார்கிட்டயும் பேச மாட்டார். கூடை நிறைய சாவி கலந்து கிடந்தாலும் எது எந்தப் பூட்டுக்குன்னு பிரிச்சு வச்சிருவார், தப்பவே தப்பாது. பள்ளிக்கூடம் போனதில்லை. தெருவுல அவருக்கு வச்சிருந்த பட்டப்பேரை இங்க எழுத மனசு வரல. அவருக்கு இருந்தது ஆட்டிசம்தானான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா யாரும் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1943-ல அமெரிக்காவின் பால்டிமோர் நகர்ல லியோ கேனர்ங்கிற மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனியா ஒரு நிலைன்னு உலகம் கவனிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். அதுல முதல் பையன் டொனால்ட், மிசிசிப்பி மாநிலத்துல ஒரு சின்ன ஊர்க்காரன். மூணு வயசுல ஒரு விடுதியில கொண்டுபோய் விட்டு, ஒரு வருஷம் கழிச்சுப் பெத்தவங்களே திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க. 1942-ல ஒரு விவசாயி வீட்டுல தங்க வச்சாங்க. அவனுக்கு எதையாவது எண்ணிக்கிட்டும் அளந்துக்கிட்டும் இருக்கணும். விவசாயி அவனைத் திட்டல. கிணறு தோண்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். உழும்போது சோள வரிசையை எண்ணவிட்டார். அங்க இருந்த கிராமத்துப் பள்ளிக்கூடமும் அவனை அவன் போக்கோடயே ஏத்துக்கிச்சு. டொனால்ட் 1958-ல பட்டம் வாங்கி, வங்கியில வேலை பார்த்து, 2023-ல 89 வயசுல காலமானார். வசதியான குடும்பம், அந்த வங்கியே அவங்களோடதுதான். அதையும் சொல்லிடணும்.

மத்த பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அம்மா பாசம் காட்டாததுதான் காரணம்னு டாக்டர்களே நம்பின காலம் அது. 1964-ல பெர்னார்ட் ரிம்லாண்ட்ங்கிற உளவியலாளர், அவரும் ஒரு ஆட்டிசம் பையனோட அப்பா, அது தப்புன்னு புத்தகமே எழுதினார். லண்டன்ல 1962-ல பெத்தவங்க சங்கம் ஆரம்பிச்சு, 1965-ல ஈலிங் பகுதியில தனிப் பள்ளியே திறந்தாங்க. இந்தியாவுலயும் அதே கதைதான். 1991-ல டெல்லியில மெர்ரி பரூவாங்கிற ஒரு அம்மா 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். அவர் பையனுக்கும் ஆட்டிசம்.

அரசாங்கம் என்ன செஞ்சுச்சு? 1995-ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒரு பெரிய சட்டம் வந்துச்சு. அதுல மொத்தம் 7 குறைபாடுகள். ஆட்டிசம் பேரே இல்ல! நம்ம பாஷையில சொன்னா, டிராப்டவுன்ல அந்த ஆப்ஷனே கிடையாது. அதனால பல பிள்ளைகளுக்கு 'மனவளர்ச்சி குன்றியவர்'னு சான்றிதழ் கொடுத்தாங்க. 1999-ல தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல ஆட்டிசம் பேர் வந்துச்சு. ஆனா 2009 கல்வி உரிமைச் சட்டம் எழுதினவங்க பழைய 1995 பட்டியலையே எடுத்துக்கிட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்க 2012-ல திருத்தம் தேவைப்பட்டுச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தப்பதான் 7 குறைபாடுகள் 21 ஆச்சு, ஆட்டிசமும் முறைப்படி உள்ளே வந்துச்சு. அரசு அங்கீகாரம் வாங்கின எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிப்புன்னு சான்றிதழ் இருந்தா, 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்புற சிறப்புப் பள்ளியிலோ இலவசமா படிக்கலாம்.

கேனர் கட்டுரை வந்து 73 வருஷம். எங்க தெரு அண்ணன் படிக்கிற வயசெல்லாம் அதுக்குள்ள போயிருச்சு.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னப்ப அமைதியா கேட்டுச்சு. பையன் இப்ப ஊர் அரசுப் பள்ளியில படிக்கிறான். முதல்ல மணிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு அழுவானாம். ஹெச்.எம். டீச்சர் ஒரு நாள் சுத்தியலை அவன் கையிலேயே கொடுத்துட்டாங்க. இப்ப தினமும் மணி அடிக்கிறது அவன்தான், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகாது. வட்டார வள மையத்துலேர்ந்து ஒரு சிறப்பு ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுக்கிறாங்க.

"அதெல்லாம் சரிடா. ஹெச்.எம். மாறிப் போயிட்டா? அந்த ஸ்பெஷல் டீச்சரும் கான்ட்ராக்ட்தானே?"ன்னு கேட்டுச்சு.

மத்திய அரசு 2022 செப்டம்பர்ல தொடக்கப் பள்ளியில இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதுக்கு மேல உள்ள வகுப்புகள்ல 15 பேருக்கு ஒருத்தர் இருக்கணும்னு சொல்லியிருக்கு. 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம், அதுக்கான பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கு. ஃபைல்ல வைக்க அதையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்துட்டு பஸ் ஏறினேன். டொனால்டுக்கு நல்ல மனுஷங்க கிடைச்சாங்க. எங்க பையனுக்கும் கிடைச்சிருக்காங்க. அவங்க போன பிறகும் அந்த இடம் அவனுக்கு இருக்கணும். சட்டம் அதுக்குத்தான்.