ஓசூர் எல்லையும் பறவைக் காய்ச்சல் தடுப்பும்

பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃபுளுவென்சா ஏ வகை வைரஸால் பறவைகளுக்கு வரும் தொற்றுநோய். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் பகுதி கர்நாடக எல்லையை ஒட்டியுள்ளது. கோழியும் முட்டையும் தீவனமும் ஏற்றிய வண்டிகள் இவ்வழியே இரு மாநிலங்களுக்கும் சென்று வருகின்றன. ஆகவே கர்நாடகத்தில் இந்நோய் தோன்றினால் ஓசூரும் விழிப்புடன் இருக்க வேண்டியதாகிறது.

நோயும் சூழலும்

காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளே இவ்வைரஸின் இயற்கை உறைவிடம். நோய்க்குறி தோன்றாத வாத்துகளும் எச்சத்தின் வழியே வைரஸை நீரில் கலக்கின்றன. குளிர்ந்த நீரில் அது பல நாட்கள் அழியாதிருக்கும். வலசைப் பறவைகள் ஏரிகளில் தங்கும் குளிர்காலத்தில் ஆபத்து மிகுதி. கொட்டகைக்குள் நுழைந்தபின் செருப்பு, முட்டை அட்டை, கூண்டு, வண்டிச் சக்கரம், கோழி எரு ஆகியவை நோயைப் பரப்புகின்றன.

வரலாறு

இன்று பரவியுள்ள எச்5என்1 வைரஸின் மூல வடிவம் 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கண்டறியப்பட்டது. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது. 6 பேர் இறந்தனர். இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் தோன்றியது. 2012 அக்டோபரில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில், நடுவண் அரசின் கோழி வளர்ப்பு நிறுவனத்து வான்கோழிகள் இந்நோயால் மடிந்தன. 2025 பிப்ரவரியில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் வரதஹள்ளியில் உறுதியானது.

கட்டுப்பாடு

மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் சோதிக்கப்படுகின்றன. நோய் உறுதியானால் 1 கி.மீ. சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும், 10 கி.மீ. வரை கண்காணிக்கப்படும். இவ்வட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் நோய் தோன்றினால் ஓசூரும் கண்காணிப்புக்குள் வரும். அப்போது இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் இணைந்தே செயல்பட வேண்டும்.

எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கலாம். பறக்கும் பறவையை நிறுத்த முடியாது. எனவே முதல் கோழி இறந்ததும் வளர்ப்பவர் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே முதன்மையான தடுப்பு. நடுவண் அரசின் திட்டப்படி, அழிக்கப்படும் பறவைகளுக்கே இழப்பீடு உண்டு. அதற்கு முன் நோயால் இறந்தவற்றுக்கு இல்லை. தாமதித்தால் இழப்பீடு குறையும் என்பதால் இவ்விதி விரைந்து தெரிவிக்கத் தூண்டுகிறது. ஆயினும் வீட்டுப் புறக்கடையில் நான்கைந்து கோழி வளர்ப்பவருக்கு இவ்விதி தெரிந்திருந்தால்தான் பயன். தெரியாதவர், உள்ளதையும் அழித்துவிடுவார்களோ என்று அஞ்சி, எஞ்சிய கோழிகளைச் சந்தையில் விற்றுவிடக்கூடும். நோய் அடுத்த ஊருக்குச் செல்ல அதுவே வழியாகிவிடும்.