பாடநூல் தணிக்கை: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

பாடநூல் தணிக்கை என்பது, பள்ளிப் பாடநூலிலோ பொது நூலகத்திலோ உள்ள எழுத்தை அரசோ வேறு அழுத்தமோ நீக்குவது, மறைப்பது, வாங்காமல் விடுவது ஆகியவற்றைக் குறிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. தமிழ்நாடு பாடத்திட்டப் பள்ளிகளும் மத்திய பாடத்திட்டப் பள்ளிகளும் இங்கு அருகருகே நடக்கின்றன. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கர்நாடகப் பாடநூல் தொடங்கிவிடும். சென்னை, புது தில்லி, பெங்களூரு ஆகிய மூன்று இடங்களில் எடுக்கப்படும் முடிவுகளும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்து சேர்கின்றன.

சட்ட நிலை

ஒரு நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு. அரசு காரணம் காட்டி ஆணை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அந்த மனுவை மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். பாடநூலில் ஒரு பாடத்தை எடுப்பதற்கு இத்தகைய தனி நடைமுறை கிடையாது. துறையின் சுற்றறிக்கை ஒன்றே போதும். எதிர்ப்பவருக்கு ரிட் மனுதான் வழி. கடையில் விற்கும் நூலைத் தடுப்பதைவிட, வகுப்பில் உள்ள நூலை மாற்றுவது அரசுக்கு எளிது.

2011: தாள் ஒட்டிய பாடநூல்கள்

தமிழ்நாட்டில் பாடநூல் தணிக்கையின் பெரிய எடுத்துக்காட்டு சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கையும் ஒன்றாக்கும் சட்டம் 2010இல் வந்தது. அந்தக் கல்வியாண்டில் 1, 6ஆம் வகுப்புகளில் புதிய நூல்கள் நடைமுறைக்கு வந்தன. மற்ற வகுப்புகளுக்கான நூல்கள் அச்சாகியிருந்த நிலையில், 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா தலைமையிலான அ.தி.மு.க. அரசு, நூல்களின் தரம் போதாது என்று கூறி, ஜூன் மாதம் சட்டத்தைத் திருத்தித் திட்டத்தை நிறுத்தியது.

ஜூலை 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பத்து நாளுக்குள் திட்டத்தை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஜூன் நடுவில் திறந்த பள்ளிகளில் அதுவரை பெரும்பாலான வகுப்புகளுக்குப் பாடநூல் கிடைக்கவில்லை. மாநிலம் முழுதும் சுமார் 1 கோடியே 20 லட்சம் மாணவர்கள் இதில் சிக்கினர்.

நூல்கள் கைக்கு வந்தபோது அவற்றில் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. முந்தைய முதல்வர் மு. கருணாநிதியின் எழுத்துகளும், அவரது ஆட்சியை நினைவூட்டும் பகுதிகளும் அவற்றில் முதன்மையானவை. சில பக்கங்களில் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டது. சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டன. இந்த வேலையில் பெரும்பகுதி ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. வாழும் அரசியல் தலைவரின் படைப்பைப் பாடமாக வைத்தது சரியா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ஆட்சியில் இருப்பவர் சேர்த்ததை அடுத்து வந்தவர் நீக்கினார். இரண்டுக்கும் ஆசிரியர், பெற்றோர் கருத்து கேட்கப்படவில்லை என்பதே கல்வியாளர் பலரின் குறை.

மத்திய பாடநூல்கள்

என்.சி.இ.ஆர்.டி. நூல்களைப் படிக்கும் பள்ளிகளை 2012ஆம் ஆண்டுச் சர்ச்சை தொட்டது. 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் அம்பேத்கர் இடம்பெற்ற, சங்கர் வரைந்த 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் அமளியைக் கிளப்பியது. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினர். அடுத்து, 12ஆம் வகுப்பு நூலில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படத்தைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் எதிர்த்தன. மாணவர் போராட்டத்தை அப்படம் கொச்சைப்படுத்துகிறது என்பது அவற்றின் வாதம். நீக்கக் கோருவது எப்போதும் அரசு மட்டுமல்ல, புண்பட்டதாகக் கருதும் தரப்பும்தான் என்பதை இது காட்டியது.

கர்நாடகம்: 2022–2023

கர்நாடகத்தில் பா.ஜ.க. அரசு அமைத்த ரோகித் சக்ரதீர்த்தா குழு 2022இல் பாடநூல்களைத் திருத்தியது. பெரியார் பற்றிய பகுதி நீக்கப்பட்டதும், ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் உரை 10ஆம் வகுப்புக் கன்னட நூலில் சேர்ந்ததும் கடும் விவாதமாயின. தம் படைப்பைப் பாடமாக்கத் தந்த அனுமதியை எழுத்தாளர் தேவனூர மகாதேவ திரும்பப் பெற்றார். 2023இல் வந்த காங்கிரஸ் அரசு ஹெட்கேவார் பாடத்தை எடுத்துவிட்டு சாவித்திரிபாய் புலே பற்றிய பாடத்தைச் சேர்க்க முடிவு செய்தது.

ஓசூர்ப் பகுதியின் கன்னட வழிப் பள்ளிகளை இம்மாற்றங்கள் தொடவில்லை. அங்கு தமிழ்நாட்டின் பாடத்திட்டமே நடக்கிறது. கன்னடம் பேசும் இரு பிள்ளைகள், எல்லைக் கோட்டின் இருபுறம் இருப்பதாலேயே, வெவ்வேறு வரலாற்றைப் படிக்க நேர்கிறது.

நூலகங்கள்

1948ஆம் ஆண்டு மதராஸ் பொது நூலகச் சட்டம், எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் உருவானது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஆனால் நூல் தேர்வில் சென்னைக்கே பெரும் பங்கு. கிளை நூலகத்துக்கு வராத நூலைத் தடை செய்யத் தேவையில்லை. அது வாங்கப்படவில்லை என்ற அளவில் முடிந்துவிடும்.

தடை ஆணை இல்லாமலே ஒரு நூல் மறைய முடியும் என்பதற்குப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் சான்று. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுக்குப் பின் அவர் தம் நூல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தப் பேச்சில் எட்டிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை

2018–19 முதல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் படிப்படியாக வந்தன. தாள் ஒட்டிய சமச்சீர் நூல்கள் வழக்கொழிந்தன. எனினும், பாடநூலில் எது, எவர் பரிந்துரையால், எக்காரணத்துக்காக நீக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் பாடமும் மாறும் வழி அதனால் திறந்தே இருக்கிறது.