அச்சாரம் கட்டியவரும் கப்பல் ஏறியவரும்

1867-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கப்பல் பயண அறிவிப்பு அச்சாகி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்கு உழைத்து ஓய்ந்திருந்த ‘குவேக்கர் சிட்டி’ என்ற நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் ஜெருசலேம் பக்கத்துக்கும் ஐந்து மாதச் சுற்றுலா போகப் போகிறது. ஆளுக்கு 1,250 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கைப் பொருளாளரிடம் கட்டிய பிறகே இடம் உறுதி. நல்ல அறையும் சாப்பாட்டு மேசையில் நல்ல இடமும் முதலில் பதிந்தவருக்கு. பணம் மட்டும் இருந்தால் போதாது, விண்ணப்பத்தை ஒரு குழு பார்த்துச் சம்மதித்தால்தான் சீட்டு. ஜெனரல் ஷெர்மனும், புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்ட் பீச்சரும் கூட வருவார்கள் என்று சொல்லி ஆள் திரட்டினார்கள். கடைசியில் இருவருமே வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் மார்க் ட்வைன். அவருக்கான கட்டணத்தைச் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஆல்டா கலிபோர்னியா’ பத்திரிகை கட்டியது.

இன்றைய சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் பதிவு விதிகளைப் படித்துப் பார்ப்பவருக்கு இந்த அறிவிப்பு வியப்பூட்டும். முன்பணம், முந்திப் பதிந்தவருக்குச் சலுகை, கப்பலேறத் தகுதி என எல்லாமே அதில் இருக்கின்றன. பிரபலம் வராவிட்டால் பணம் திரும்புமா, கப்பலே கிளம்பாவிட்டால் என்ன கதி என்பது மட்டும் இல்லை. பயணி பணம் கட்டும் நாளுக்கும் கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் நாளுக்கும் நடுவே மாதங்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் ஏதாவது நேர்ந்தால் நஷ்டம் யார் தலையில் விழும்? கப்பல் சீட்டின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்கான சண்டைதான்.

சண்டை முதலில் மூண்டது உல்லாசப் பயணிகளிடம் அல்ல, ஏழைகளிடம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லிவர்பூல் துறைமுகம் ஐரோப்பாவை விட்டு வெளியேறுபவர்களின் வாசலாக இருந்தது. வறுமையில் அடிபட்ட அயர்லாந்துக் குடும்பங்கள் நிலத்தையும் மாட்டையும் விற்ற காசோடு வந்து இறங்கும். கரையிலேயே தரகர்களின் ஆட்கள் காத்திருப்பார்கள். பெட்டியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு தங்களுக்குக் கமிஷன் தரும் விடுதிக்கும் சீட்டு அலுவலகத்துக்கும் ஓடுவார்கள். பெட்டி போன திசையில் குடும்பமும் ஓடியாக வேண்டும். பாய்மரக் கப்பல் சொன்ன தேதியில் கிளம்புவது அபூர்வம். காற்றுக்கும் சரக்குக்கும் காத்துக் கிடக்கும் நாட்களில் கடல் தாண்டப் பிடித்து வைத்திருந்த காசு விடுதி வாடகையிலேயே கரையும்.

1842-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயணிகள் சட்டம் இதில் கை வைத்தது. சீட்டுத் தரகர்கள் உரிமம் பெற வேண்டும், வாங்கிய பணத்துக்கு எழுத்தில் ஒப்பந்தச் சீட்டு தர வேண்டும், சொன்ன நாளில் கப்பல் கிளம்பாவிட்டால் காத்திருக்கும் பயணிக்கு நாள் கணக்கில் படிப்பணம் தர வேண்டும் என்றது. அமலாக்கத்தில் ஆயிரம் ஓட்டைகள். இருந்தாலும் தாமதத்தின் விலையைக் கட்ட வேண்டியவர் கப்பல்காரர் என்று சட்டம் வாய் திறந்து சொன்னது பெரிய விஷயம்.

கப்பலேறும் விதிகள் கடுமையானதும் இதே கணக்கில்தான். 1891-ல் அமெரிக்கா ஒரு குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படுபவரை அழைத்து வந்த கப்பல் நிறுவனமே சொந்தச் செலவில் கொண்டுபோய் விட வேண்டும். 1892 ஜனவரியில் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது. 1903-ல் இன்னொரு சுமை ஏறியது: ஏறும் துறைமுகத்திலேயே கண்டுபிடித்திருக்கக் கூடிய தொற்றுநோயோடு ஒருவர் வந்து இறங்கினால் நிறுவனத்துக்கு 100 டாலர் அபராதம். நஷ்டம் தன் பக்கம் திரும்பியதும் நிறுவனங்கள் தங்கள் பக்கத்துக் கரையிலேயே மருத்துவர்களை நிறுத்தின. டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று இமையைத் திருப்பிப் பார்த்தார்கள். 1892-ல் ஹாம்பர்க் நகரைக் காலரா சூறையாடியிருந்த நினைவும் கூடவே இருந்தது. 1901-ல் ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனம் குடிபெயர்வோருக்கென்று தனிக் குடியிருப்பையே கட்டித் திறந்தது. அங்கே குளிப்பாட்டி, உடைகளைக் கிருமிநீக்கம் செய்து, சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள்.

அந்த நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் பாலின்தான் சொகுசுக் கப்பல் பயணத்துக்கும் வழி போட்டவர். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆள் குறைவு; பெரிய கப்பல் சும்மா நின்றால் நஷ்டம். 1891 ஜனவரியில் ‘ஆகஸ்தா விக்டோரியா’வை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். சக ஊழியர்கள் கேலி செய்தார்கள், வசதி படைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கீழ்த்தளத்து ஏழைக்கு இமையைப் புரட்டிச் சோதனை, மேல்தளத்துச் செல்வருக்கு வாத்திய இசை என ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் இரண்டு உலகங்கள் மிதந்தன.

தமிழர்கள் இந்தப் பிரிவினையை நன்றாக அறிந்தவர்கள். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் கேபின் பயணிகள் கொஞ்சம், பாயை விரித்துப் படுக்கும் டெக் பயணிகள் ஆயிரக்கணக்கில். சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவிலும் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும் நோய்த்தடுப்புக் காவலில் அடைபட்டவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகளே. அதற்கும் முந்தைய தலைமுறையில் மலாயாத் தோட்டத்துக்குப் போன கூலிக்குச் சீட்டின் விலையே கடனாகத் தலையில் ஏறியது. கங்காணி கொடுத்த முன்பணத்தை உழைத்துத்தான் அடைக்க வேண்டும். 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதி உருவான பிறகே பயணச் செலவு அந்த நிதியின் கணக்குக்குப் போனது. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர் ஒருவகை என்றால், முன்பணமே விலங்காகிப் போனவர் இன்னொரு வகை. கப்பல் வரலாற்றைச் சொகுசு அறைகளின் கதையாக மட்டும் எழுதினால் இந்த மனிதர்கள் விடுபட்டுப் போவார்கள்.

உல்லாசப் பயணியின் முன்பணத்துக்குச் சட்டக் காவல் கிடைக்க ஒரு தீ விபத்து தேவைப்பட்டது.

1965 நவம்பர் 13, பின்னிரவு. மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘யார்மத் காசில்’ தீப்பிடித்தது. 1927-ல் கட்டிய கப்பல், உள்ளே மரவேலை அதிகம், பெயிண்ட் மேல் பெயிண்ட்டாகப் பூச்சு. பனாமாக் கொடி பறந்ததால் அமெரிக்காவின் கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் அதைக் கட்டுப்படுத்தவில்லை. முதலில் இறங்கிய உயிர்காக்கும் படகுகளில் ஒன்றில் கேப்டனே இருந்தார். 90 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கியூபா அருகே ‘வைகிங் பிரின்சஸ்’ கப்பலும் எரிந்தது.

1966-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் பாதுகாப்போடு நிற்கவில்லை. கப்பல் எந்த நாட்டில் பதிவானது, எந்தப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்றது. அமெரிக்கத் துறைமுகத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல் நிறுவனம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் ஈடு கட்டத் தன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பயணத்தையே நடத்தாமல் போனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது என்றும் தனியாக நிரூபிக்க வேண்டும். ஜாமீன் பத்திரம், காப்பீடு, மூன்றாவது ஆளிடம் தனிக் கணக்கு என வழிகள் உண்டு. சான்றிதழ் தருவது கூட்டாட்சிக் கடல்வழி ஆணையம். எரிந்த கப்பலின் சாம்பலிலிருந்து முன்பணத்துக்கான பாதுகாப்பும் பிறந்தது.

ஆனால் சீட்டின் பின்பக்கப் பொடி எழுத்து நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. வாஷிங்டன் மாநிலத் தம்பதியர் உள்ளூர் முகவரிடம் பணம் கட்டி, கார்னிவல் நிறுவனத்தின் ‘டிராப்பிகேல்’ கப்பலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மெக்சிகோ பக்கம் போனார்கள். மனைவி கப்பலில் வழுக்கி விழுந்து அடிபட்டார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டபோது நிறுவனம் சீட்டைக் காட்டியது: எந்த வழக்கானாலும் ஃபுளோரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்று அதில் அச்சாகியிருந்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் அந்தச் சீட்டின் நகலையே இணைத்து, இதை எந்தப் பயணி படித்திருப்பார் என்று கேட்டார். அவருடைய வாதத்தின் உயிர்நாடி காலக்கணக்கில் இருக்கிறது. பணம் கட்டிய பிறகுதான் சீட்டு தபாலில் வரும். நிபந்தனை பிடிக்காமல் பயணத்தைக் கைவிட்டால் கட்டியது திரும்பாது. அந்த வாதம் தோற்றது நியாயத்துக்கு நேர்ந்த இழப்பு.

கப்பலேறும் நாளின் விதிகளுக்குள்ளும் பழைய காலம் படிந்து கிடக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது என்கிறது 1886-ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுக் கப்பல்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகங்களில் சில மணி நேரமாவது நிற்கின்றன. கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்தில் ஓடிப்போய் ஏற நினைத்தால் சில வழித்தடங்களில் அனுமதி மறுக்கப்படுவதற்கும் அதுவே காரணம். 2021-ல் கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியிருந்தபோது, அலாஸ்காவின் சுற்றுலா பிழைக்க வேண்டுமென்று காங்கிரஸ் தற்காலிக விலக்கே அளிக்க நேர்ந்தது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசல் அடைபடுவதும் நிறுவனத்தின் பிடிவாதம் அல்ல. அதற்குள் பயணிகள் பட்டியல் அமெரிக்க எல்லைக் காவலிடம் போய்ச் சேர வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலருக்கு அபாயகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே விதி. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம்.

2020 வந்தது. யோகோஹாமாவில் முடங்கிய ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர். அவர்களில் 138 பேர் இந்தியர்கள், ஏறக்குறைய எல்லோருமே ஊழியர்கள். மார்ச் நடுவில் அமெரிக்காவில் சொகுசுக் கப்பல்கள் நின்றன. பெரிய நிறுவனங்கள் பயணிகளுக்கு இரண்டு வழி காட்டின: கட்டிய பணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம், அல்லது 125 சதவீத மதிப்புள்ள வருங்காலப் பயணக் கிரெடிட் பெறலாம். வட்டி விகிதம் தரையில் கிடந்த நேரத்தில் 25 சதவீதக் கூடுதல் யாரையும் இழுக்கும். அது தாராளம் போலத் தெரிந்தாலும், வருமானமே இல்லாத நிறுவனம் தன் பயணிகளிடம் ஈடில்லாமல் வாங்கிய கடன் அது. காலாவதித் தேதிகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டன. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளோடு பெரிய கப்பல் மறுபடி கிளம்பியது 2021 ஜூன் இறுதியில்.

கிரெடிட்டிலும் சாதி உண்டு. கப்பலுக்குள் செலவழிக்கத் தரும் கிரெடிட் மதுவுக்கும் கரைச் சுற்றுலாவுக்கும் உதவும், மிச்சம் பெரும்பாலும் கையில் வராது. கார்னிவல் தன் 100 பங்குகளை வைத்திருப்பவர்களுக்குக்கூட இந்த வகையைக் கொடுத்து வந்தது. பயணத்தின் நடுவே அடுத்த பயணத்துக்குச் சிறு தொகை வாங்கி வைத்துக்கொள்வது இன்னொரு வகை. ரத்தான பயணத்துக்கு ஈடாகத் தரும் கிரெடிட் மூன்றாவது. முதலிரண்டும் வியாபார உத்தி. மூன்றாவதில் பயணியின் சேமிப்பு இருக்கிறது. அதனால் நிறுவனம் விழும்போது வலிப்பதும் மூன்றாவதே.

2022 ஜனவரியில் அது நடந்தது. கிரிஸ்டல் நிறுவனத்தின் தாய்க் கம்பெனியான கெந்திங் ஹாங்காங் கலைப்புக்கு மனு கொடுத்தது. எரிபொருள் பாக்கிக்காக ‘கிரிஸ்டல் சிம்பொனி’யைப் பிடிக்க மியாமியில் நீதிமன்ற ஆணை காத்திருந்தது. கப்பல் மியாமிக்கு வராமல் பஹாமாஸின் பிமினிக்குத் திரும்பியது. பயணிகள் வேறு படகில் கரை சேர்ந்தார்கள். வருங்காலப் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் மற்ற கடன்காரர்களோடு மனுப் போட்டு நின்றார்கள்.

1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் ஏன் இப்படி? சட்டத்தில் இல்லாத ஒரு கூரை விதிமுறைகளில் இருக்கிறது. முன்பணமாக வாங்கி இன்னும் சேவை தராத தொகையில் 110 சதவீதத்துக்கு ஜாமீன் வேண்டும், ஆனால் ஓர் உச்சவரம்பு வரைதான். நெடுங்காலம் அது 1.5 கோடி டாலர். சிறு நிறுவனத்தின் பயணிகளுக்கு முழுக் காப்பு, பெரு நிறுவனத்தின் பயணிகளுக்குப் பெயரளவில். 2001 அக்டோபரில் அமெரிக்கன் கிளாசிக் வாயேஜஸ் என்ற கப்பல் நிறுவனம் திவாலானபோது இந்த ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. தனக்குத் தானே ஜாமீன் நிற்கும் முறையைக் கடல்வழி ஆணையம் அதன்பின் ஒழித்தது. 2002-ல் உச்சவரம்பையே எடுத்துவிடவும் முன்மொழிந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, திட்டம் நின்றது. 2013-ல் வந்த விதி வரம்பை 3 கோடி டாலராக உயர்த்த மட்டும் செய்தது. 2022-ல் இன்னொரு குழப்பம் தீர்ந்தது: பயணம் ரத்தானாலோ மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, மாற்றுப் பயணம் வேண்டாம் என்பவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று விதி எழுத்தில் வந்தது. லிவர்பூலில் காத்துக் கிடந்த குடும்பங்களுக்கு 1842-ல் சொன்ன அதே நியாயம்.

2024 மே மாத இறுதியில் கார்னிவல் குழுமத்திடம் இருந்த வாடிக்கையாளர் முன்பணம் 830 கோடி டாலர். உலகம் முழுவதும் அதன் பல நிறுவனங்கள் வாங்கிய மொத்தம் அது. என்றாலும் 2013-ஆம் ஆண்டு விதியின் 3 கோடி டாலர் வரம்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரிய கம்பெனி விழாது என்ற நம்பிக்கை ஒன்றே ஜாமீனாக நிற்பது தெரியும். முன்பணத்தை மூன்றாவது ஆளிடம் தனிக் கணக்கில் வைக்கும் வழியைச் சிறு நிறுவனங்கள் பல இன்றும் பின்பற்றுகின்றன. பெரியவர்களின் பயணிகளுக்கும் முழுக் காப்பு கிடைக்க, உச்சவரம்பை எடுத்துவிட ஆணையம் 2002-ல் முன்வைத்துப் பின்னர் கைவிட்ட திட்டத்தைத் திரும்ப எடுத்தாலே போதும்.